‘வரேன்’ என்றால் திறக்கும் வீடு

பாகூர் கொம்யூன் கிராமங்களை எல்லாம் சல்லடை போட்டுத் தேடினாலும், சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு சொந்த வீட்டிடமே கைகூப்பிக் கெஞ்சிய மனுஷர் ஒருத்தர்தான் கிடைப்பார். அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், மிஸ்டுகாலு. பெற்றவர்கள் வைத்த பேர் என்று ஒன்று இருக்கிறது. ஓட்டுப் போடப் போன இடத்தில் ஆபீசர் அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டபோது, இவரே திரும்பிப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். அவ்வளவுதான் அந்தப் பேருக்கும் இவருக்கும் உள்ள உறவு.

மிஸ்டுகாலு என்ற பேர் மோட்டாரால் வந்தது. எங்கள் சோரியாங்குப்பத்தில் அவருக்குக் கரும்பும் நெல்லுமாகக் கொஞ்சம் நிலம். போர் மோட்டார் வீட்டிலிருந்து நல்ல தூரம். கரண்ட் வந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் செருப்பைக்கூட மாட்டாமல் கொல்லைக்கு, அதாவது வயலுக்கு, ஓடுவார்கள். இவர் ஓட மாட்டார். மோட்டார் கொட்டகையில் ஒரு பெட்டியை மாட்டினார். அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. அதாவது மோட்டாருக்கென்று சொந்தமாக ஒரு போன் நம்பர். என் மருமகளுக்கே அப்போது சொந்தமாகப் போன் கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுத்தால் அங்கே தண்ணீர் கொட்டும். இன்னொன்று கொடுத்தால் நின்றுவிடும்.

"இன்னாபா, மோட்டார்கிட்ட பேசுறியா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"பேசல்லாம் மாட்டேண்ணே. அடிச்சிட்டு கட் பண்ணிடுவேன். அதுக்கே புரிஞ்சிடும்."

அன்றைக்கு ஒட்டிய பேர்தான். ஆனால் அந்தப் பெருமை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் நின்றது. மோட்டாருக்கு வாங்கின நம்பர், அதற்கு முன்னால் ஏதோ ஒரு கறிக்கடைக்காரர் வைத்திருந்த நம்பராம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தது, சுற்றுவட்டாரத்து ஜனம் எல்லாம் கறி சொல்லிவைக்க மோட்டாருக்குப் போன் போட்டது. ஒருத்தர் அடித்தால் ஓடும், அடுத்தவர் அடித்தால் நிற்கும். பெட்டி வேறு ஒவ்வொருத்தருக்கும் மரியாதையாக, ‘மோட்டார் இயக்கப்பட்டது’, ‘மோட்டார் நிறுத்தப்பட்டது’ என்று மாற்றி மாற்றிச் சொல்லும். ‘கடையில மிஷின் வாங்கிப் போட்டுட்டாங்கபோல’ என்று அவர்களும் திருப்தியாக வைத்துவிடுவார்கள். தீபாவளி அன்றைக்கு இவர் கரும்போடு அடுத்த கொல்லைக்காரர் நெல்லும் மிதந்தது. சாயங்காலம் ஒரு பொம்பளை அது யார் மோட்டார் என்று விசாரித்துக்கொண்டு, வயர் கூடையோடு நேராக இவர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"போன்ல ஆன் பண்ணிட்டேன்னு சொன்னியேபா. எம்மாம் நேரம்? கறி எங்க?"

வேறு யாராவது இருந்தால் சிம் கார்டை வாய்க்காலில் வீசியிருப்பார்கள். மிஸ்டுகாலு அந்தப் பொம்பளையை உட்காரவைத்து, பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கம் சொன்னார். அவள் காலிக் கூடையோடு, கையில் ஒரு கரும்போடு போனாள்.

அடுத்தது மாடு. மாட்டின் கழுத்துக்கு ஒரு பட்டை வாங்கி வந்தார். மாடு படுத்தால் போனில் வரும், எழுந்தால் வரும், அசை போட்டால் வரும். "மாடு கத்தினா எனக்குத் தெரியும், அதுக்கு எதுக்கு போனு?" என்றாள் பச்சையம்மா. பச்சையம்மாதான் அவர் சம்சாரம். காட்டேரிக்குப்பத்தில் பிறந்தவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் மிளகாய் கிள்ளின மாதிரி இருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு மாடு கொஞ்சம் சோம்பல் முறித்து நடந்தாலே தமிழ்நாட்டில் போய் நிற்கும். எங்களுடையது பிரெஞ்சுக்காரன் ஆண்ட பூமி, எல்லை அவ்வளவு பக்கம். ஒரு நாள் மத்தியானம் மிஸ்டுகாலு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வீட்டுத் தோட்டத்துக்கு ஓடி வந்தார்.

"அக்கா, மாடு கடலூருக்கு போய்க்கினு இருக்குது! பஸ்ஸு வேகத்துல போவுதுக்கா!"

நான் அப்போது என் வாழைக்கன்றை ஒரு மாட்டின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"எந்த மாடுபா?"

"எம்மாடுதான்!"

"இது யாரு மாடு, பாரு."

அவர் மாட்டைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டே, "இல்லக்கா, இது கடலூர்லதான் இருக்குது" என்றார்.

பட்டை கழன்று வைக்கோல் கட்டில் விழுந்து, கட்டு வண்டியேறிப் போயிருக்கிறது. இவரும் பஸ் ஏறிப் போய் மீட்டுக்கொண்டு வந்தார். மறுபடியும் தொலையக் கூடாதே என்று வரும்போது தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் பொழுது போக வேர்க்கடலை கொறித்திருக்கிறார். மாடு அன்றைக்கு மிக நன்றாக அசை போடுகிறது என்று போன் பாராட்டியது.

இதெல்லாம் சில்லறை விஷயம். பெரிய விஷயம் துபாயில் இருக்கிற அவர் மகன் அனுப்பிய பார்சலில் வந்தது, ஒரு பெட்டி. சொம்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். பேசும். சொன்னதைச் செய்யும். விளக்கு, மின்விசிறி, டிவி, எல்லாம் அது பேச்சைக் கேட்கும். எனக்கு எழுத்து தெரியாது, இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். போனில் பேரைத் தேட ஒருத்தரைக் கூப்பிட வேண்டும், பஸ்ஸில் போர்டு படிக்க ஒருத்தரைக் கேட்க வேண்டும். இந்தப் பெட்டியோ, எழுத்தே வேண்டாம், வாயைத் திற போதும் என்றது. எனக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. வாய் விஷயத்தில் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது.

ஆனால் அது பேசுகிற தமிழ் வேறே. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசும். நாம் பேசினால் அதற்கு விளங்காது. முதல் நாள் தெருவே கூடியிருந்தபோது மிஸ்டுகாலு அதைப் பார்த்து, "இன்னா? இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

"இன்னா என்னும் சொல்லின் பொருள், துன்பம்" என்றது பெட்டி.

"கரெக்டாத்தான் சொல்லுது" என்றாள் பச்சையம்மா.

அன்றிலிருந்து மிஸ்டுகாலு தன் பேச்சை மாற்றிக்கொண்டார். கரும்புக் கொல்லையில் அவர் பேசுகிற பேச்சை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. வீட்டுக்குள் வந்தால், "மின்விசிறியை இயக்கு. சன்னமாக இயக்கு" என்பார். தெருப் பசங்கள் எல்லாம் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "தட்டில் சோற்றை இடுக" என்று அவரவர் அம்மாவிடம் சொல்லி அடி வாங்கினார்கள்.

பெட்டிக்கு நாமே ஒரு பேர் வைக்கலாமாம். அந்தப் பேரைச் சொன்னால்தான் காது கொடுக்கும். மிஸ்டுகாலு யோசித்து யோசித்து வைத்த பேர், ‘கண்ணு’.

"கூப்ட சுலுவா இருக்குதுக்கா" என்று என்னிடம் காரணம் சொன்னார்.

நான் பச்சையம்மா முகத்தைப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் ஒரே பேர்தான். ‘இந்தாமே.’ கோபமாக இருந்தால் ‘ஏமே.’ அவளுக்குக் கண்ணு என்ற சொல் அவர் வாயில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கண்ணு என்று பேர் வைத்தால் இந்தப் பக்கத்தில் என்ன ஆகும்? பிள்ளையைக் கூப்பிடுவதும் கண்ணு, கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதும் கண்ணு. கொட்டகையில் பச்சையம்மா, "கண்ணு, பால் குடி" என்பாள். உள்ளேயிருந்து, "பால், வாங்க வேண்டிய பொருட்களில் சேர்க்கப்பட்டது" என்று குரல் வரும். நான் என் பேரனை, "கண்ணு, தூங்குடா" என்பேன். எதிர்வீட்டில் விளக்கெல்லாம் அணைந்துபோகும். சோறு தின்றுகொண்டிருந்த மிஸ்டுகாலு இருட்டில் ரசத்தைத் தேடுவார்.

இத்தனைக்கும் மேலே வந்ததுதான் கதவு.

மகன் இரண்டு பூட்டு அனுப்பினான். முன்கதவுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று. சாவி கிடையாது. பெட்டியோடு சேர்த்துவிட்டால் பேச்சுக்குத் திறக்கும், பேச்சுக்கு மூடும். இதற்குக் கண்ணு என்று கூப்பிடக்கூட வேண்டாம், ஒரு வார்த்தை போதும். எந்த வார்த்தைக்குத் திறக்க, எந்த வார்த்தைக்கு மூட என்று நாம் சொல்லிக்கொடுக்கலாம். மிஸ்டுகாலு பெரிய யோசனைக்காரர் அல்லவா? ‘வரேன்’ என்றால் கதவு திறக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், மின்விசிறி சுற்ற வேண்டும், கெட்டிமேளம் வாசிக்க வேண்டும். ‘போறேன்’ என்றால் எல்லாம் நின்று, இரண்டு கதவும் பூட்டிக்கொள்ள வேண்டும். இப்படிச் சொல்லிக்கொடுத்துவிட்டு எங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"அக்கா, வாசல்ல நின்னு, வரேன்னு சொல்லு."

சொன்னேன். டக் என்று திறந்தது. பளிச்சென்று எரிந்தது. கெட்டிமேளம் கொட்டியது. என் கல்யாணத்தில்கூட எனக்கு அப்படி ஒரு வரவேற்பு இல்லை. காபி கொடுத்தார்கள், குடித்தேன், கொஞ்ச நேரம் பேசினேன். பிறகு எழுந்து, "சரிபா, நான் வரேன்" என்றேன்.

கெட்டிமேளம்.

என்னைத் தொடர்ந்து தெருவே எழுந்தது. "நானும் வரேன்." கெட்டிமேளம். "வரேன் பச்சையம்மா." கெட்டிமேளம். "வரேண்டா தம்பி." கெட்டிமேளம். எல்லோரும் வெளியே போக, வீடு ஒவ்வொருத்தரையும் உள்ளே வா, உள்ளே வா என்று மேளம் கொட்டிக் கூப்பிட்டது.

நம் ஜனத்தில் யார் ஐயா ‘போறேன்’ என்பார்கள்? அது வாயில் வரக்கூடிய வார்த்தையா? கடலூர் போனாலும் வரேன், துபாய் போனாலும் வரேன். இழவு வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோம். அங்கேகூட போறேன் கிடையாது. ஆகவே மிஸ்டுகாலு வீடு பூட்டிக்கொள்ளவே இல்லை. பூட்டு வாங்கி மாட்டியதிலிருந்து ராத்திரி பகலாகக் கதவு திறந்தே கிடந்த வீடு ஊரிலேயே அது ஒன்றுதான்.

அவர் வருகிறவர்களைப் பெட்டி காதில் விழாத தெருமுனையிலேயே மடக்கிக் கெஞ்ச ஆரம்பித்தார்.

"மாமா, கோச்சிக்காத. போவும்போது போறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு போ."

"வூட்டுக்கு வந்த மனுசன போன்னு சொல்றியா?"

"போன்னு சொல்லல மாமா. போறேன்னு உன்னய சொல்ல சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா! பொண்ணு கட்டுன வூடாச்சேன்னு பாக்குறேன்!"

அந்த மாமா அதற்குப் பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. "வேற வார்த்த வெச்சித் தொலையேன்பா" என்று என் தோட்டத்தில் வைத்து நான் சொல்லிப் பார்த்தேன். "வார்த்தைல தப்பில்லக்கா. வர்றதுக்கு வரேன், போறதுக்கு போறேன். ஜனங்கதான் தப்பா பேசுது" என்றார். சரி, நீயாவது சொல்லேன் என்றால், வாசலில் நின்று கிளம்புகிறபோது அவராலும் முடியவில்லை. அவங்கம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. வெளியூர் கிளம்பினால் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டு, வாசலைப் பார்த்துக் கைகூப்பி நிற்பார். "போ... போ..." என்று இழுப்பார். தொண்டையில் முள் மாட்டின மாதிரி முகம் சிவக்கும். கடைசியில், "போய்ட்டு வரேன்" என்று வழுக்கிவிடும். கெட்டிமேளம். வண்டியை நிறுத்துவார். கன்னத்தில் போட்டுக்கொள்வார். மறுபடி கைகூப்புவார், "பூட்டிக்கோயேன், உனக்குப் புண்ணியமாப் போவட்டும்" என்று. நான் அரிசி புடைக்கிற சாக்கில் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். காசு கொடுத்தாலும் கிடைக்காத காட்சி.

இப்படி எல்லோருக்கும் சிரிப்பாய்ப் போய்க்கொண்டிருந்த வீட்டில், ஒரு கோடையில் பச்சையம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது.

நான் ஒரு தூக்கில் மிளகு ரசம் கொண்டுபோனேன். பாயில் சுருண்டு கிடந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு தணிந்திருந்தது, ஆளுக்குத்தான் தெம்பு இல்லை. அந்த நேரத்தில் கொல்லையிலிருந்து வந்த மிஸ்டுகாலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"கண்ணு, இப்ப எப்படி இருக்குது?" என்றார், குழைவாக.

பச்சையம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நான் பார்த்ததில்லை. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கலைந்த முடியை ஒதுக்கினாள். "தேவலாம்யா. தலவலிதான் இன்னும்..." என்று ஆரம்பித்தாள்.

"நான் நன்றாக இருக்கிறேன். கேட்டதற்கு நன்றி. இன்று வெளியே வெப்பம் அதிகம்" என்றது பெட்டி.

"ஆமா ஆமா, நெருப்பா கொட்டுது" என்று பெட்டிக்குப் பதில் சொல்லிவிட்டு, அவர் இந்தப் பக்கம் திரும்பினார். "இந்தாமே, ஒரு டீ போடு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பச்சையம்மா எழுந்து உள்ளே போனாள். ஒரு பையை எடுத்து உதறினாள். இரண்டு புடவையைத் திணித்தாள். தோளில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இன்னாமே பண்ற?"

"நான் போறேன்."

டக். முன்கதவு. டக். பின்கதவு. மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. பிரிட்ஜ்கூட ஒரு தும்மல் போட்டுவிட்டு அடங்கிப்போனது. பெட்டி மட்டும், "பாதுகாப்பாகச் சென்று வாருங்கள்" என்றது.

மிஸ்டுகாலு ஒரு குதி குதித்தார்.

"பாத்தியாக்கா! வேல செய்யுது பாத்தியா! நான் அன்னிக்கே சொன்னேன்ல, ஜனங்க வார்த்தைய ஒழுங்கா சொன்னா..."

அப்புறம்தான் அவருக்குப் பை கண்ணில் பட்டது.

"எங்க கெளம்புற?"

"எங்கம்மா வூட்டுக்கு. தொற கதவ."

"நீ சொன்னா தொறக்கும்."

"இன்னா சொல்லணும்?"

"உனக்குத்தான் தெரியுமே."

"திரும்பி வரவ சொல்ற வார்த்த அது. நான் திரும்பி வர மாட்டேன். எம்வாயால அத்த சொல்ல மாட்டேன். நீ சொல்லுயா."

"நான் சொன்னா நீ கெளம்பிப் பூடுவ."

இதைச் சொல்லிவிட்டு மிஸ்டுகாலு நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைச் சுருட்டித் தன் வாயை மூடிக்கொண்டார். பச்சையம்மா பையோடு கதவில் சாய்ந்து நின்றாள். நடுவில் நான், ரசத் தூக்கோடு.

புருஷன் பெண்டாட்டி சண்டையில் அடுத்தவளுக்கு என்ன வேலை? நாகரிகமாக எழுந்து போய்விட வேண்டும். எழுந்தேன். "சரி, அப்ப நான்..." என்று வாயைத் திறந்ததும் அவர் பாய்ந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, சொல்லாத! உன் கால்ல வுழறேன், அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத!"

"நீ சொல்லுக்கா, நான் வெளிய போவணும்" என்றாள் அவள்.

என் வாழ்க்கையில் என் வாய்க்கு அப்படி ஒரு மதிப்பு வந்தது கிடையாது. ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்கும். திறந்தால் இவள் இந்தக் கோபத்தோடு படியிறங்குவாள். இப்படி இறங்கினவள் திரும்பி வர மாட்டாள் என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் தூக்கைத் தரையில் வைத்தேன், சுவரோரமாக உட்கார்ந்தேன், வாயைக் கட்டிக்கொண்டேன். கோடை மத்தியானம், காற்று கிடையாது, கண்ணாடி ஜன்னல், நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதில் எது பெரிய கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இதற்குள் தெருவுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஓயாமல் மேளம் கொட்டுகிற வீடு ஊமையாகிவிட்டதே! கதவைத் தட்டினார்கள். தேக்குக் கதவு, வெளியே பேசுவது கிணற்றுக்குள் பேசுவது போலக் கேட்டது. "உள்ள யாருக்கு இன்னா ஆச்சி?" என்று ஒரு குரல். "மேளமே கேக்கல, யாரோ செத்துப் பூட்டாங்கபோலக்குது" என்று இன்னொரு குரல். இழவு வீட்டு வாசலில் ‘வரேன்’ யார் வாயில் வரும்? ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். யாருக்காக என்று பிறகு கேட்டேன். "தெரியலக்கா, மூணு பேர்ல ஒருத்தர்னு நெனச்சி அழுதேன்" என்றாள்.

உள்ளே பச்சையம்மா ஒரு வழியாகப் பேசினாள்.

"அது கண்ணு. நான் இந்தாமே. காய்ச்சல்ல கெடக்குறவ நானு. நலம் விசாரிக்கிறது அத்த."

அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"அது பொட்டிமே. பேர் சொல்லி கூப்டாதான் அதுக்குக் காது கேக்கும். நீ கூப்டாமயே வருவ."

"கூப்டாம கூப்டாம வந்துதான்யா இப்படி ஆயிட்டேன்."

கரும்புக்கும் மாட்டுக்கும் மோட்டாருக்கும் பதில் வைத்திருந்த மனுஷர், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பச்சையம்மாவுக்கு வேர்த்து வேர்த்து ஊற்றியது. காய்ச்சல் விட்ட உடம்பு. பை தோளிலிருந்து நழுவியது, கதவோடு சரிந்து கீழே உட்கார்ந்தாள். மிஸ்டுகாலு எழுந்து ஓடினார். அந்தத் துண்டை விரித்து அவளுக்கு விசிறினார். விசிற விசிற அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேணாம்மே. இந்த வேக்காட்டுல நீ கெடக்க வேணாம். உங்கம்மா வூட்டுக்கே போ. நான் தடுக்கல. ஆனா வாயால ஒண்ணு சொல்லிட்டு போ." கொஞ்சம் நிறுத்தினார். அவளை நேராகப் பார்த்தார். அவர் தொண்டையில் அந்தப் பழைய முள் மாட்டுவதையும் அது கழலுவதையும் நான் பார்த்தேன். "கண்ணு, ஒரே ஒரு வாட்டி வரேன்னு சொல்லு."

"வரேன்" என்றது பெட்டி.

செய்தி வாசிக்கிற தமிழில்லை. சுத்தமான சோரியாங்குப்பத்துத் தமிழ். அதுவரை நம் பேச்சு ஒன்றுகூட வராத பெட்டி, அந்த ஒரு வார்த்தையை எங்கள் தெருவில் பிறந்தவள் மாதிரி சொன்னது. டக், டக் என்று இரண்டு கதவும் திறந்தன. விளக்கு எரிந்தது, காற்று வந்தது, கெட்டிமேளம் கொட்டியது, கதவில் காது வைத்துக்கொண்டிருந்த தெரு ஜனம் மொத்தமாக உள்ளே வந்து விழுந்தது. அவர் வாயில் வந்த வார்த்தைக்குத் திறந்ததா, பெட்டி சொன்ன வார்த்தைக்குத் திறந்ததா என்று இன்றுவரை டீக்கடையில் சண்டை போடுகிறார்கள்.

பச்சையம்மா எழுந்தாள். மேளச் சத்தத்துக்கு நடுவில் அவரைக் கேட்டாள்.

"யார கூப்ட்ட, கண்ணுன்னு?"

"உன்னத்தான்." திருட்டு முழி முழித்தார். "பொட்டி குறுக்க பூந்துடுச்சி."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதுக்குப் பேர மாத்து. மாத்திட்டு அங்க வந்து கூப்புடு. நேர்ல வரணும். போன அடிச்சிட்டு கட் பண்ணினா எங்க அண்ணன் உன் கால வெட்டிடுவான்."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். வரேன் என்று சொல்லவில்லை. இழவு வீட்டிலிருந்து போகிற மாதிரி திரும்பிப் பார்க்காமல் போனாள். யாரோ ஒருத்தர் ஸ்கூட்டரில் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். மேளம்தான் வெட்கமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குப் பேர் மாற்றுவது லேசான வேலையாக இல்லை. எந்தப் பேரைச் சொன்னாலும் தெருவில் ஒரு பொம்பளை, "அது எம்பேருபா" என்று கையைத் தூக்கினாள். செல்வி வேண்டாம், எங்கள் தெருவில் மட்டும் நாலு செல்வி. அஞ்சலை வேண்டாம், அது அவர் மாமியார் பேர். கடைசியில் யாரும் யாரையும் ஆசையாகக் கூப்பிட வாய்ப்பே இல்லாத ஒரு பேரைக் கண்டுபிடித்தார். ‘தாசில்தார்.’

"தாசில்தார், விளக்கைப் போடு!" என்று அவர் அதட்டியதும் விளக்கு எரிந்தது. தெருவில் இருந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வரிசையில் நின்று தாசில்தாரை அதட்டிப் பார்த்தார்கள். பட்டா எப்போது கிடைக்கும் என்று ஒரு பெரியவர் கேட்டார். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது. பேர் பொருத்தமாக அமைந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாள் காலையில் மிஸ்டுகாலு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "மாட்டையும் தாசில்தாரையும் பாத்துக்கோக்கா" என்றார். சோரியாங்குப்பம் ஒரு கோடி, காட்டேரிக்குப்பம் இன்னொரு கோடி. பஸ் மாறி மாறிப் போக வேண்டும். மோட்டார் கொட்டகை வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு ஒரு மோட்டாருக்குப் போன் வாங்கிக் கொடுத்த மனுஷர், அந்த வெயிலில் ரோட்டைப் பார்த்து நடந்தார். நடந்துகொண்டே வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை பாடத்தை ஒப்பித்துப் பார்க்கிற மாதிரி.

அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், இரண்டு பேருமே சொல்லவில்லை. எனக்கே சொல்லவில்லை என்றால் அது உலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயம்.

பொழுது சாய்கிற நேரத்தில் தெருமுனையில் வந்தார்கள். பச்சையம்மா கையை வீசிக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் ஒரு தோளில் அவள் பையும் ஒரு தோளில் மாமியார் கொடுத்த பலாப்பழமுமாகப் பின்னால் வந்தார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது, ஆனால் வேறு வேலையாக வந்த மாதிரி எல்லோரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. காலையில் பஸ்ஸிலிருந்தே கொல்லைக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். போதும், பாத்தி நிரம்பிவிட்டது, நிறுத்து என்று மோட்டார் கூப்பிடுகிறது. அந்தப் பெட்டிக்கு இவரைத் திருப்பிக் கூப்பிடவும் தெரியும்.

"எடுய்யா. மோட்டாரா இருக்கப்போவுது" என்றாள் பச்சையம்மா, திரும்பாமலே.

"அது கெடக்குது கண்ணு, நீ நட" என்றார் அவர்.

அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவர் எடுக்கவே இல்லை. அன்றைக்கு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கரும்பை நிரப்பி, வரப்பை உடைத்து, ரோட்டைத் தாண்டி எங்கள் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அந்த வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்போம். அன்றைக்கு யாரும் போகவில்லை. நான் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேலை ஒன்றும் இல்லாமலே, அந்தத் தண்ணீரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். காலுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.